பாட்டியின் குடைப் படப் புடவையைத் தண்ணீரில் போடுவதற்கு முன்

மும்பையில் பழைய துணிகளைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம்மவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது 1950, 60-களின் அச்சுத் துணிகளைத்தான். குடை, மீன், சீட்டுக்கட்டு, ரயில்பெட்டி என்று படம் போட்ட பாட்டி காலத்து வாயில் புடவை, சோர் பஜாரில் கிடைத்த ஃப்ராக் இப்படி. இளையவர்கள் இவற்றைத் தேடிப் பிடித்து உடுத்துவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அறுபது வருஷம் தாக்குப்பிடித்த துணி, கைக்கு வந்த வாரத்திலேயே முதல் துவையலில் பாழாகிப்போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அந்தக் கால உடைகளில் துவைக்கும் குறிப்பு இருக்காது. அமெரிக்காவிலேயே அந்த லேபிளைக் கட்டாயமாக்கும் விதி 1971-ல்தான் வந்தது. ஆகவே துணி என்ன ரகம் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் பட்டு. உருகி, ஆறினதும் கெட்டி மணியாக நின்றால் நைலான் போன்ற செயற்கை இழை. காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி அல்லது ரேயான்.

இந்த இரண்டில் எது என்று தெரிய இன்னோர் இழை போதும். நடுவில் நனைத்து இரு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே சட்டென்று அறுந்தால் ரேயான். பருத்திக்கு ஈரத்தில் பலம் கூடும். ரேயானுக்கு ஏறக்குறைய பாதி போய்விடும். ரேயான் ஃப்ராக்கை அலசிப் பிழிந்து ஹேங்கரில் மாட்டினால், தண்ணீரின் பாரமே தோள் தையலைக் கிழித்துவிடும். துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள்.

அப்புறம் சாயம். பருத்தி இழையோடு வேதியியலாகவே பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள் சந்தைக்கு வந்தது 1956-ல். அதற்கு முந்தைய அச்சுகளில் கெட்டியாக நிற்கும் சாயமும் உண்டு, முதல் நனைப்பிலேயே ஓடுவதும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறத்திலும், உள்பக்கமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெள்ளைப் பஞ்சால் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். சோப்புத் தண்ணீரிலும் அதையே செய்யுங்கள். சிவப்பிலும் கருநீலத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். பஞ்சில் துளி நிறம் ஒட்டினாலும் வீட்டில் நனைக்காதீர்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். அதை நம்பி ஒரு நல்ல அச்சைப் பணயம் வைக்க வேண்டாம்.

கறையை நெயில் பாலிஷ் ரிமூவரால் எடுக்கப் பார்ப்பதும் ஆபத்து. துணி, அசிடேட் என்ற பட்டுப்போல் மின்னும் செயற்கை இழையாக இருந்தால், ரிமூவரிலுள்ள அசிட்டோன் அந்த இடத்தையே கரைத்து ஓட்டையாக்கிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களிடம், புடவையின் ஓரத்தில் மங்கலாக மில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பரேல், லால்பாக் பக்கத்து மில்களில் பல, 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் மீளவே இல்லை. கிழிந்தால் இழையோட்டி ரஃபு செய்து கொடுக்கலாம், ஓடிப்போன சாயத்தை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது.

எடுத்துவைக்கும்போது கஞ்சி வேண்டாம், ராமபாணப் பூச்சி அதற்குத்தான் வரும். டிரைகிளீனிங் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த வெள்ளை மல்மல் துணியில் சுற்றினாலே போதும். அந்துருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் மும்பை வெக்கையிலேயே இளகிக் கறையாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று பழைய வாயில் புடவையில் பிறந்த குழந்தையைச் சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்துருண்டை போட்டுவைத்த புடவையை அதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிசுவுக்கு, அந்துருண்டையிலுள்ள நாப்தலினால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதுவரை தெரிந்தே இருக்காது.