தாய் தந்த பதினைந்தும் தந்தை தந்த பதினைந்தும்

மனித உடற்செல்லில் உள்ள 46 குரோமோசோம்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. பெரும்பாலான மரபணுக்களைப் பொறுத்தவரை இவ்விரு பிரதிகளும் சமமாகவே இயங்குகின்றன. பதினைந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதி இதற்கு வியப்பூட்டும் விதிவிலக்குகளில் ஒன்று. சுமார் 50 முதல் 60 இலட்சம் காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள அந்தத் துண்டு, தந்தை தந்த குரோமோசோமில் இல்லாமற்போனால் குழந்தைக்குப் பிரேடர்–வில்லி நோய்க்குறித்தொகுப்பும், தாய் தந்த குரோமோசோமில் இல்லாமற்போனால் ஏஞ்சல்மன் நோய்க்குறித்தொகுப்பும் ஏற்படுகின்றன.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒத்தவை அல்ல. 1956இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிரேடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மருத்துவர்கள் விவரித்த முதல் வகையில், குழந்தை தசைவலுவின்றித் துவண்டு பிறக்கிறது. பால் உறிஞ்சவும் வலுவில்லாததால் பலருக்குக் குழாய்வழி ஊட்ட நேர்கிறது. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிறது. பசியையும் நிறைவையும் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் சரிவர இயங்காததால், எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி தோன்றி, உணவைக் கண்காணிக்காவிட்டால் கடும் உடற்பருமனில் முடிகிறது. இதைக் குழந்தையின் பிடிவாதமாகவோ பெற்றோரின் செல்லமாகவோ கருதுவது பெரும் அநீதி. இங்கிலாந்தின் வாரிங்டனில் பணியாற்றிய ஹாரி ஏஞ்சல்மன் 1965இல் மூன்று குழந்தைகளிடம் கண்டு எழுதிய இரண்டாம் வகையிலோ, பேச்சு ஏறக்குறைய வருவதே இல்லை, நடை தள்ளாடுகிறது, வலிப்பு பொதுவாகக் காணப்படுகிறது, அடிக்கடி சிரிக்கும் இயல்பும் உண்டு.

இத்துண்டின் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ ஒரேமாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் அமைந்துள்ளன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் இணைசேரும் நிலையில், இவ்வரிசைகள் தவறான இடத்தில் பொருந்திவிட்டால் நடுப்பகுதி வெட்டுண்டு போகிறது. இது பெரும்பாலும் தற்செயலாக நிகழ்வது. பெற்றோர் செய்ததோ செய்யத் தவறியதோ இதற்குக் காரணமன்று.

இழப்பு ஒன்றாயிருந்தும் விளைவு வேறுபடுவதற்குக் காரணம், சில மரபணுக்களின் மீது கருமுட்டையிலும் விந்தணுவிலும் வெவ்வேறாக இடப்படும் மெத்தில் குறிகள் என்னும் சிறு வேதிக்குறிகளே. அக்குறிகளின் விளைவாக, இப்பகுதியின் பல மரபணுக்கள் தாயின் பிரதியில் அணைந்து, தந்தையின் பிரதியில் மட்டும் இயங்குகின்றன. அந்த ஒரே இயங்கும் பிரதியும் போய்விட்டால் பிரேடர்–வில்லி நிலை உண்டாகிறது. யூபிஇ3ஏ என்னும் மரபணுவோ நரம்பணுக்களில் தாயின் பிரதியிலிருந்து மட்டுமே செயல்படுகிறது. அதன் இழப்பே ஏஞ்சல்மன் நிலைக்கு அடிப்படை.

துண்டு ஏதும் இழக்கப்படாமலேயே இந்நிலைகள் ஏற்படுவதும் உண்டு. பிரேடர்–வில்லி உள்ளவர்களில் ஏறத்தாழ கால்பங்கினருக்குப் பதினைந்தாம் குரோமோசோம்கள் இரண்டுமே தாயிடமிருந்து வந்தவை. பிரிதலில் ஏற்பட்ட பிழையால் கருமுட்டையில் இரண்டு பிரதிகள் சேர்ந்து, கருவுற்றபின் மூன்றாகி, மிகையான ஒன்றைக் கரு கழிக்கும்போது தந்தையினுடையது வெளியேறிவிடுகிறது. எஞ்சும் கருவில் குரோமோசோம்கள் சரியாக 46 இருக்கும். நுண்ணோக்கியில் எக்குறையும் தெரியாது. ஆகவேதான் மெத்தில் குறிகளை அளக்கும் பரிசோதனை இன்றியமையாததாகிறது. பிரேடர்–வில்லி நிலையை அது ஏறக்குறைய முழுமையாகக் கண்டுபிடித்துவிடுகிறது. அதன் பிறகும் எவ்வழியில் பிழை நேர்ந்தது என்பதை அறிய வேண்டும். துண்டிழப்பாயின் அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் குறியிடலைக் கட்டுப்படுத்தும் மையத்திலேயே பரம்பரையாக வரும் பழுதிருந்தால் 50 விழுக்காடு வரை உயரக்கூடும்.

பிரேடர்–வில்லி குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தருவது உயரத்தையும் தசைவலுவையும் மேம்படுத்துகிறது. ஏஞ்சல்மன் நிலையிலோ நம்பிக்கை வேறோரிடத்தில் உள்ளது: தந்தையின் யூபிஇ3ஏ பிரதி அழியவில்லை, அதே டி.என்.ஏ.விலிருந்து எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ. நகல் ஒன்றினால் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வைத் தடுத்தால் அப்பிரதி விழித்தெழுவது எலிகளில் நிறுவப்பட்டு, அதே நோக்கமுள்ள மருந்துகள் இப்போது குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.