பி.ஐ.டி. மீட்டர் 0.0 காட்டினால் காற்று சுத்தமா?

தொட்டிக்குள் இறங்குமுன் பி.ஐ.டி. மீட்டரை (காற்றிலுள்ள வாயுக்களைப் புற ஊதா ஒளியால் அயனியாக்கிக் கண்டறியும் கருவி) நீட்டிப் பார்த்து, 0.0 வந்ததும் ஆளை இறக்குவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய பழக்கம் இது. அந்த மீட்டரின் கண்ணுக்கு எந்த வாயு படும், எது படாது என்பது அயனியாக்க ஆற்றலைப் பொறுத்தது.

மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலே அது. எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வார்கள். கீழே உள்ள ஆற்றல் எண்கள் எல்லாம் அந்த அலகில்தான். மீட்டருக்குள் ஒரு புற ஊதா விளக்கு இருக்கிறது. அதன் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஆற்றல் வாயுவின் அயனியாக்க ஆற்றலைத் தாண்டினால்தான் அயனி உண்டாகும், மின்னோட்டம் பாயும், எண் ஏறும். பெரும்பாலும் 10.6 கிரிப்டான் விளக்குதான் இருக்கும். டொலுயீன் 8.83, பென்சீன் 9.24, அசிட்டோன் 9.70: இவை தெரியும். மெத்தனால் 10.84, டைகுளோரோமீத்தேன் 11.3, ஹைட்ரஜன் சயனைடு 13.6, கார்பன் மோனாக்சைடு 14.01: இவை ஆளைக் கொல்லும் அளவில் நிறைந்திருந்தாலும் திரை அசையாது. ஆக்சிஜன் குறைந்திருப்பதையும் அது சொல்லாது.

மீத்தேனால் (12.61) இன்னொரு தொல்லை உண்டு. சதவீத அளவில் கலந்திருந்தால், விளக்கின் ஒளியை விழுங்கிப் பக்கத்திலுள்ள பென்சீனையும் குறைத்துக் காட்டும்.

இந்த அயனியாக்க ஆற்றல் எண்களை அளக்க நம்பகமான வழி ஒளி எலக்ட்ரான் நிறமாலை. வெற்றிடக் கலத்தில் வாயுவைச் சிறிதளவு விட்டு, ஹீலியம் விளக்கின் 21.22 ஒளியைப் பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அளப்பார்கள். பென்சீனில் மிக வேகமான எலக்ட்ரானுக்கு 11.98 வரும், 21.22-இலிருந்து அதைக் கழித்தால் 9.24. கலத்தின் சுவரில் மாதிரி படியப் படிய அளவுகோல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 15.76-இல் உச்சி தரும் ஆர்கானை மாதிரியோடு சேர்த்தே விட்டுச் சரிபார்க்க வேண்டும். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு நாள் முழுக்க நம்புவது போதாது. மாதிரியைச் சூடாக்கினால், ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகள் முன்கூட்டியே சமிக்ஞை தரும். அதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால் மதிப்பு குறைந்துவிடும்.

அயனியாக்க ஆற்றல் அட்டவணையில் கவனிக்க வேண்டியது, எழுதியிருப்பது எந்த மதிப்பு என்பது. அம்மோனியா கூம்பு வடிவ மூலக்கூறு. எலக்ட்ரானை இழந்ததும் தட்டையாகிவிடும். வடிவம் இவ்வளவு மாறுவதால் சமிக்ஞை 10.1 அருகே மெல்லத் தொடங்கி, 10.8 அருகில்தான் உச்சம் தொடுகிறது. முன்னது அடியபாட்டிக் மதிப்பு, பின்னது செங்குத்து மதிப்பு. செங்குத்து மதிப்பை மட்டும் பார்ப்பவர் 10.6 விளக்குக்கு அம்மோனியா தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் தெரியும், ஆனால் பலவீனமாக. 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஐசோபியூட்டிலீன் வாயுவில் அளவுதிருத்தம் செய்த மீட்டரில் அம்மோனியாவின் திருத்தக் காரணி, அதாவது திரையின் எண்ணைப் பெருக்க வேண்டிய எண், ஏறத்தாழ 10. திரையில் 5 வந்தால் காற்றில் சுமார் 50 பிபிஎம் இருக்கிறது. பென்சீனுக்குக் காரணி ஏறத்தாழ 0.5. எந்த வாயு என்று தெரியாமல் திரையின் எண்ணை அப்படியே பதிவேட்டில் எழுதுவதில் பொருளில்லை.

11.7 விளக்கு மாட்டினால் டைகுளோரோமீத்தேன் தெரியும். ஆனால் அதன் லித்தியம் ஃப்ளூரைடு சன்னல் ஈரத்தை இழுத்து விரைவில் மங்கிவிடும், தண்ணீர் படவே கூடாது. எந்த விளக்கானாலும் நீரற்ற மெத்தனால் தொட்ட, இழை உதிராத துணியால் சன்னலைத் துடைத்து, நன்கு உலரவிட்டு, மறுபடி அளவுதிருத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரியும் வாயு ஆகியவற்றுக்குத் தனி உணரிகள் கொண்ட மீட்டர் கையில் இல்லாமல் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.