வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுத்து வீட்டிலேயே படிக்கவைப்பவர்களுக்கு

ஆறு, ஏழு வயதில் குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும் பிள்ளை, பெரும்பாலும் வயதுக்குரிய வகுப்பைவிடப் படிப்பில் பின்தங்கியிருக்கும். விட்டுப்போன இரண்டு வருடப் பாடத்தை ஆறே மாதத்தில் வீட்டில் முடித்துவிடலாம் என்று பெற்றோர் இறங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியில் திட்டு வாங்கிய குழந்தை அம்மா மடிக்கு ஓடிவரலாம். வீட்டுக்கல்வியில் டீச்சரும் அம்மாவும் ஒருவரே. ஏற்கெனவே ஒரு குடும்பத்தை இழந்த பிள்ளைக்கு "இதுகூடத் தெரியலையா?" என்ற கேள்வி, "உன்னைத் திருப்பி அனுப்பிடுவோம்" என்றே காதில் விழும். எழுதியதை அழித்து அழித்துத் தாளையே கிழிக்கிறதென்றால், அது பயம். ரப்பரை எடுத்து வைத்துவிட்டுச் சிலேட்டும் பல்பமும் கொடுங்கள். துடைத்தால் தப்பின் சுவடே இருக்காது. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, "அட, தப்பாயிடுச்சே" என்று சிரித்துத் திருத்தட்டும்.

முதல் மூன்று மாதம் பாடத்திட்டமே வேண்டாம். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் போதும். மடியில் வைத்துக் கதை வாசியுங்கள். நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்று பிள்ளையே அளந்து போடட்டும். விகிதத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. பிறகு புத்தகத்தைத் தொடும்போது, தடுமாறாமல் வாசிக்கும் வகுப்பிலிருந்து தொடங்குங்கள், வயதைப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பாடம் அழுகையில் முடிகிறதென்றால், சொல்லித்தரும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அம்மாவாக மட்டும் இருங்கள்.

தலையணை உறைக்குள் பிஸ்கட்டும் பாதிச் சப்பாத்தியும் கிடைக்கும். அது திருட்டு அல்ல, நாளைக்குக் கிடைக்குமா என்ற கவலை. கைக்கெட்டும் இடத்தில் மூடிபோட்ட ஒரு டப்பா வைத்து, தினமும் இரவு பிள்ளையின் கண்முன்னே நிரப்புங்கள். "பாடம் முடிச்சாத்தான் டிபன்" என்று எந்தக் காரணத்துக்கும் சொல்லக் கூடாது.

பாடப் புத்தகத்தில் "என் குடும்பம்" வரும், கைக்குழந்தைப் படம் ஒட்டச் சொல்லும். படம் இல்லையென்றால் வீட்டுக்கு வந்த அன்று எடுத்த படத்தை ஒட்டுங்கள். இல்லத்தில் பார்த்துக்கொண்ட அக்காவின் பெயரையும் பிள்ளை விரும்பினால் எழுதட்டும். உறவினர்கள் "சொந்தப் பிள்ளை மாதிரியே பார்த்துக்கிறாங்க" என்று பாராட்டுவார்கள். அந்த "மாதிரி" பிள்ளைக்குக் குத்தும். அங்கேயே திருத்துங்கள்.

இல்லத்தில் பத்துப் பதினைந்து பேரோடு உண்டு உறங்கிய பிள்ளைக்கு வீட்டின் அமைதியே திகிலாக இருக்கலாம். மாலையில் நீச்சலோ சிலம்பமோ, மற்றப் பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரமாவது கட்டாயம் வேண்டும்.

தத்தெடுத்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். வீட்டுக்கல்வியை அவரிடம் மறைக்க வேண்டாம். தேதி போட்ட ஒரு நோட்டில் அன்றன்று செய்ததைக் குறித்து வைத்துக் காட்டுங்கள். பின்னால் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கலாம். விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் கேட்டுப் பெறலாம். வீட்டிலேயே தொடர்ந்தால், 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்தாண்டில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை.