கியாய்: நுரைப்பட்டை மரம்

கியாய் மரத்தின் அறிவியல் பெயர் Quillaja saponaria. முதல் சொல்லின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தால் ‘குயில்லாஜா’ என்று வரும். தமிழில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். குயிலுக்கும் இந்த மரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மரத்தின் தாய்மண் தென் அமெரிக்காவின் சிலி. அந்நாட்டின் நடுப்பகுதியில் வாழும் மக்கள் இதைக் ‘கியாய்’ என்கிறார்கள். ஸ்பானிய எழுத்துமுறையில் முதலெழுத்தின் ஒலி ‘கி’தான், ‘குய்’ அல்ல.

ஸ்பானியர்களுக்கும் இது கடன்சொல்லே. அந்த மண்ணின் மபூச்சே மக்கள் தங்கள் மொழியில் வழங்கும் பெயர் ஏறத்தாழக் ‘குல்யாய்’ என ஒலிக்கும். அதன் முதல் உகரம் உதடு குவியாத உகரம். நம் குற்றியலுகரத்தைச் சொல்லிப் பழகிய வாய்க்கு அது எளிதில் வரும். சிலியில் பிறந்த ஏசு சபைத் துறவி ஹுவான் இக்னாசியோ மொலினா, நாடு கடத்தப்பட்டு இத்தாலியில் வாழ்ந்தபோது, 1782இல் தம் தாய்நாட்டின் இயற்கை வரலாற்றை எழுதினார். மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். மபூச்சே சொல்லைப் பேரினப் பெயராக்கி, சிற்றினப் பெயராக ‘சப்போனாரியா’ சேர்த்தார். ‘சப்போ’ என்றால் லத்தீனில் சோப்பு. நம் ‘சோப்பு’ ஆங்கிலம் வழியே வந்தது, வேர் இரண்டுக்கும் ஒன்றே.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சோப்பு மரம்’, ‘வழலை மரம்’, இலங்கை வழக்கில் ‘சவர்க்கார மரம்’ என்றெல்லாம் சொல்லலாம்தான். எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. சோப்பு என்பது கொழுப்பும் காரமும் சேர்த்துக் காய்ச்சியது. இந்த மரத்தின் பட்டையில் இருப்பது சப்போனின் என்ற இயற்கைப் பொருள். அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். அழுக்கு போவதும் நுரை எழுவதும் அதனால்தான். ‘பூந்திக்கொட்டை மரம்’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. பூந்திக்கொட்டை லிச்சியின் குடும்பம். அதில் நுரை தருவது கொட்டையைச் சுற்றியுள்ள தோல், பட்டை அல்ல.

உண்மையில் சீயக்காயும் உசிலையும்தான் இதற்குச் சற்று நெருங்கிய சொந்தம். கியாயை முன்பு ரோஜாக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அதற்குத் தனிக் குடும்பம், ஆனால் பல குடும்பங்களை உள்ளடக்கிய வரிசை, சீயக்காய்க்கும் உசிலைக்கும் உள்ள அதே அவரை வரிசை. மில்லில் சீயக்காய் அரைக்கும்போது வாசலில் நின்றிருக்கிறீர்களா? மூக்கைத் துண்டால் பொத்தினாலும் தும்மல் அடுக்கடுக்காக வரும். கியாய்ப் பட்டைத் தூளும் அதே வேலையைச் செய்யும். அந்தத் தூளை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால், அரப்புக் கரைசலில் எழுவதுபோல் வெண்ணுரை எழுந்து வெகுநேரம் நிற்கும்.

ஆகவே ‘நுரைப்பட்டை மரம்’ என்பதே என் பரிந்துரை. நுரைதான் அதன் குணம், பட்டைதான் அதன் சரக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் ‘பனாமா மரம்’ என்கிறார்கள், பனாமா இதன் ஊரே அல்ல.

மரம் 15 முதல் 20 மீட்டர் வரை வளரும். இலை தடித்து, தோல்போல் பளபளக்கும். மழையில்லாத நீண்ட கோடையை அது தாங்க இந்த இலை உதவுகிறது. இது பசுமைமாறா மரம். அப்படியென்றால் இலையே உதிராது என்று பொருளல்ல. பழசு உதிர உதிரப் புதுசு வந்துகொண்டிருப்பதால் மரம் எந்நாளும் மொட்டையாக நிற்பதில்லை. பூ வெண்மை, ஐந்து இதழ். காயும் ஐந்தாகப் பிரிந்து விண்மீன்போல் விரியும். கியாய்த் தேனுக்குச் சிலியில் தனி மதிப்பு உண்டு.

குளிர்பானங்களில் நுரை நிற்பதற்காகச் சேர்க்கும் இ999 என்ற பொருள் இந்தப் பட்டைச் சாறுதான். ஆனால் என்னை வியக்க வைப்பது தடுப்பூசி. சப்போனினைப் பிரித்தெடுத்தபோது 21ஆவதாக வந்த பகுதிக்குக் கியூஎஸ்-21 என்று பெயர். கியூவும் எஸ்ஸும் மரத்தின் அறிவியல் பெயரின் முதலெழுத்துகள். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் துணைப்பொருளாக அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் அது சேர்கிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, புனேயில் தயாராகும் ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் இம்மரத்தின் சப்போனின் உண்டு.

பட்டையை முழுக்க உரித்தால் மரம் பட்டுப்போகும். கட்டையிலும் சப்போனின் இருப்பதால் இப்போது கழித்த கிளைகளிலிருந்தும் சாறு எடுக்கிறார்கள். 2024இல் ஈஸ்ட்டிலேயே கியூஎஸ்-21ஐ உருவாக்கியும் காட்டிவிட்டார்கள்.