வைட்டமின் சி: சொல்லும் பொருளும்

'வைட்டமின் சி' என்பதற்குத் தமிழில் 'உயிர்ச்சத்து சி' என்ற நல்ல சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழில் 'விற்றமின் சி' என்று எழுதுவார்கள். மருந்துப் பெட்டியில் இதுவே 'அஸ்கார்பிக் அமிலம்' என்று இருக்கும். சிலர் 'ஊட்டச்சத்து சி' என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தாது உப்பு எல்லாமே ஊட்டச்சத்துதான். அதில் ஒரு வகைதான் உயிர்ச்சத்து.

'வைட்டமின்' என்ற பெயரை 1912-ல் வைத்தவர் போலந்தில் பிறந்த காசிமிர் ஃபங்க். அரிசித் தவிட்டில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயைத் தீர்க்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். உயிருக்கு இன்றியமையாத இந்தப் பொருள்கள் நைட்ரஜன் கொண்ட 'அமீன்' வகை என்று எண்ணி, வாழ்வைக் குறிக்கும் 'வீட்டா' என்ற லத்தீன் சொல்லோடு அமீனைச் சேர்த்தார். பிறகு பார்த்தால் பல வைட்டமின்கள் அமீனே இல்லை. அதனால் 1920-ல் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட், 'vitamine' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசி எழுத்தான e-யை நீக்கச் சொன்னார். ஏ, பி என்ற பெயர்கள் ஏற்கெனவே இருந்ததால், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் பொருளுக்கு அடுத்த எழுத்தான சி கிடைத்தது. இந்த சி-யில் நைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் சொல்லோ 'உயிர்' என்ற சரியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறான 'அமீனை' விட்டுவிட்டது. மூலச் சொல்லைவிட நம் சொல் பொருத்தம் என்பேன்.

'அஸ்கார்பிக்' என்ற பெயர் நோயிலிருந்து வந்தது. ஸ்கர்வியின் லத்தீன் பெயர் 'ஸ்கார்பூட்டஸ்'. அதன் முன்னால் இல்லை என்று பொருள்படும் 'அ' சேர்ந்தது. 'அசைவம்', 'அநீதி' என்பவற்றில் வரும் அதே பொருள்தான். ஆக, ஸ்கர்வியை இல்லாமல் செய்யும் அமிலம். ஹங்கேரியின் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-ல் இதைப் பிரித்தெடுத்தபோது அது என்னவென்று அவருக்கே தெரியாததால், 'அறியேன்' என்று பொருள் தரும்படி 'இக்னோஸ்' எனப் பெயரிட விரும்பினார். ஆய்விதழ் ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஹங்கேரியின் செகெட் நகரத்து மிளகாயிலிருந்து அவர் இதை ஏராளமாக எடுத்தார், 1937-ல் நோபல் பரிசும் பெற்றார்.

'அமிலம்' என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. புளிப்பாக இருந்தால் வைட்டமின் சி நிறைய இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம், தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம், எலுமிச்சையில் நாக்கு உணர்வது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம். இரண்டும் புளிப்புதான், ஆனால் பலன் இல்லை. தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள்.

நம் சந்தையிலேயே இதைப் பார்க்கலாம். புளிப்பு அதிகம் இல்லாத கொய்யாவில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் சுமார் 50-தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்தபடி ஒரு நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65, பால் கொடுக்கும் தாய்க்கு 115 மில்லிகிராம். நடுத்தரக் கொய்யா ஒன்று தின்றால் அன்றைய தேவை தீர்ந்தது. நெல்லிக்காயிலும் கொய்யா அளவுக்குக் குறையாமல் உண்டு. முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், குடைமிளகாய், முட்டைக்கோஸ், பப்பாளி எல்லாமே கைகொடுக்கும். விலை கூடிய வெளிநாட்டுப் பழத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்தச் சத்தை உடம்பே செய்துகொள்ளும். மனிதருக்கு அதற்கான நொதி (என்சைம்) வேலை செய்வதில்லை, அதிகம் சேர்த்து வைக்கவும் முடியாது. ஆகவே அன்றாடம் கொஞ்சம் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும்.

சரி, சமைத்தால் என்ன ஆகும்? இது நீரில் கரையும், சூட்டிலும் காற்றிலும் சிதையும். காயை நறுக்கி வெகுநேரம் ஊறவைத்தாலும், கீரை வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினாலும் நிறைய அதோடு போய்விடும். எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சாற்றைப் பிழிவது நம் வீடுகளின் வழக்கம். கொதித்தால் கசக்கும் என்பதற்காகச் செய்வது, சத்தையும் காப்பாற்றிவிடுகிறது. கீரைக் கூட்டிலும் பயறுச் சுண்டலிலும் அப்படிக் கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இன்னொன்று. பெட்டியில் வரும் பழச்சாற்றின் மூலப்பொருள் பட்டியலில் 'ஐ.என்.எஸ். 300' என்று (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) இருந்தால் அதுவும் இதே அஸ்கார்பிக் அமிலம்தான். நிறம் மாறாமல் இருக்கச் சேர்ப்பது, அஞ்ச வேண்டிய பொருள் இல்லை.