காட்டைக் கூட்டித் துப்பரவாக்காதீர்கள்

இன்னும் சில கிழமைகளில் தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கத் தொடங்கிவிடும். பிறகு புரட்டாதி வரை இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் பெரிய மழை இல்லை, காற்று மட்டும் நாள் முழுக்க வீசும். காடு மீளுருவாக்கும் வேலையில் இருக்கிற எனக்கு அந்த மாதங்களில் தொலைபேசி அடித்தாலே நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். போன கிழமை நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிராமத்தில் காட்டு நெருப்பைப் பற்றிக் கதைக்கப் போயிருந்தேன். வயதான ஐயா ஒருவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, உந்தப் பத்தையளை வெட்டித் துப்பரவாக்கி விட்டாத்தானே நெருப்புப் பயம் இல்லை?"

நியாயமான கேள்வி. எரிய ஒன்றும் இல்லாவிட்டால் நெருப்பு எங்கே பிடிக்கும்? ஆனால் எங்கள் காடு அப்படி இயங்குவதில்லை.

பாலை, வீரை, முதிரை மரங்கள் நெருங்கி நிற்கிற ஒரு காட்டுக்குள் ஆடி மாதத்து மத்தியானம் போய்ப் பாருங்கள். வெளியே நிலம் கொதிக்கும். உள்ளே குந்தியிருந்து சருகைக் கையால் விலக்கினால் மேலே இரண்டு விரற்கடைதான் மொறுமொறுப்பு. அதற்குக் கீழே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேலே மூடிய கிளைகள் வெயிலைத் தடுக்கின்றன, அடியில் நிற்கும் பற்றை காற்றைத் தடுக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நெருப்பு வேகம் பிடிப்பது கஷ்டம். அந்தச் சருகுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில், நாலைந்து இலையோடு வீரைக் கன்றுகள் நிற்கும். பெரிய மரம் ஒன்று விழுந்து வெளிச்சம் கிடைக்கும்வரை அவை வருடக் கணக்காகக் காத்திருக்கும். கத்தியோடு துப்பரவாக்கப் போகிறவருக்கு அதுவும் பற்றைதான்.

நான் முன்பு வேலை செய்த ஒரு திட்டத்தில் காட்டுக் கரையோரம் அகலமான ஒரு பட்டியை இப்படி வெட்டிச் சுத்தமாக்கினார்கள். முதல் வருடம் பார்க்க அழகாக இருந்தது. மாரி மழை வந்ததும் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் கினிப்புல் முளைத்தது. ஆபிரிக்காவிலிருந்து தீவனமாக வந்த புல் அது. இரண்டாவது வருடம் ஆள் உயரத்துக்கு மேல் நின்று காய்ந்தது. அந்தக் கோடையில் யாரோ வீசிய நெருப்புக்குச்சியோ பீடியோ, பட்டி முழுக்க ஒரே மூச்சில் எரிந்தது. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த மழையில் அடித்தூரிலிருந்து திரும்பவும் தழைத்தது. கரையில் நின்ற வீரைகள்தான் பட்டுப்போயின. அவை பட்ட இடத்திலும் வெளிச்சம் விழுந்தது, அங்கேயும் புல் ஏறியது. காடு கரையிலிருந்து கரைவது இப்படித்தான்.

"வெளிநாட்டில் தாங்களே நெருப்பு வைத்துக் காட்டைக் காப்பாற்றுகிறார்களே" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மைதான். வட அமெரிக்காவின் பொன்டரோசா பைன் தடித்த பட்டையோடு, சில வருடங்களுக்கு ஒருமுறை வந்துபோகும் சிறு நெருப்போடு வளர்ந்த மரம். 1910இல் வந்த பெருந்தீக்குப் பிறகு அங்கே எல்லா நெருப்பையும் உடனுக்குடன் அணைத்தார்கள். பல காடுகளில் சருகும் சிறு மரமும் குவிந்து, பின்னால் வந்த நெருப்புகள் பல பெருநெருப்பாயின. அதனால்தான் இப்போது அளவாக எரிக்கிறார்கள். வட அவுஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் வறண்ட காலத்தின் தொடக்கத்திலேயே புல்வெளிகளைச் சிறிது சிறிதாக எரிப்பதும் அந்த நிலத்துக்குப் பொருந்துகிற அறிவு. எங்கள் காடு நெருப்போடு பழகியதல்ல. இங்கே நெருப்பு பெரும்பாலும் மனிதர் வைப்பது: வேட்டைக்கு, தேனுக்கு, மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று. ஒதுக்குக்காட்டில் நெருப்பு வைப்பது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட.

தேக்கந்தோட்டம் வேறு கதை. கோடையில் தேக்கு இலையை முழுக்க உதிர்க்கும். முறம் போன்ற இலைகள், அப்பளம் போலக் காயும். அங்கே சருகைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எரித்துக் குறைத்தால் வளர்ந்த தேக்கு தப்பினாலும் அடியில் முளைக்கிற எதுவும் தப்பாது. வெறும் மண்ணில் ஐப்பசி மழை விழுந்தால் மேல்மண் குளத்துக்குப் போய்விடும். சருகை வாரி, மண் தெரிகிற சிறு பாதைகளால் தோட்டத்தைப் பிரித்துவிட்டாலே நிலத்தில் ஓடும் நெருப்பு பெரும்பாலும் அந்தப் பாதையில் நின்றுவிடும். வாரிய சருகை மரத்தடியில் குவிக்க வேண்டாம், மாட்டெருவோடு போட்டு மக்க விடுங்கள்.

கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் 2009இல் போர் முடிந்த பிறகும் காட்டுக்குள் உண்டு. நெருப்பு உள்ளே போய்விட்டால் பின்னால் ஓடி அணைக்க முடியாது. ஆகவே வேலை முழுக்கக் கரையிலும் தெருவோரத்திலும்தான். கினிப்புல்லை இப்போதே, பூத்து விதை கொட்டுமுன் வெட்ட வேண்டும். வெட்டியதை அங்கேயே காயவிட்டால் வெட்டாததுக்குச் சமம், அள்ளிக்கொண்டு போக வேண்டும். வெட்டிய கரையில் நிழல் தரும் மரம் நட வேண்டும். நிழல் அடர்ந்தால் அந்தப் புல் மெலிந்துவிடும்.

அந்த ஐயாவிடம் முப்பது மாடுகள் இருக்கின்றன. கரைப் புல்லில் மட்டும் மேய விடுவதாகவும், கன்று நிற்கிற உள்காட்டுக்குள் இறக்குவதில்லை என்றும் சொன்னார். தெருவோரப் புல்லை வெட்டி ஏற்ற மகனின் லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், வரும். வாற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் வீட்டடியில் ஆரம்பிக்கிறோம்.