ரிப்போர்ட்டில் நோய் இல்லை என்று வந்த பிறகுதான் சிகிச்சையே இருக்கிறது

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் அம்மா ஆறு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இல்லத்து வாசலில் வந்து நின்றார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே வாசலில் பழைய சைக்கிள் டயரை உருட்டி விளையாடிவிட்டு, எல்லாருக்கும் டாட்டா காட்டி ஊருக்குப் போன பையன். இப்போது ஈறில் ரத்தம். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டு. அம்மா மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்து, அதற்குள் தேடி ஒரு தாளை உருவி நீட்டினார். மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோன தாள். அதில் ‘ரெமிஷன்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“எங்க கொழுந்தன் லேப்ல வேல பாக்கான்க்கா. அவன்தான் வட்டம் போட்டுக் குடுத்தான். நோய் இல்லன்னு எழுதியிருக்கு, இனிமே எதுக்குப் பிள்ளையப் போட்டு வதைக்கியன்னு கேட்டான்.”

இந்த வருடத்தில் இப்படித் திரும்பி வந்த நான்காவது குழந்தை இவன். அதனால்தான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன். திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணையாக இருக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் பதினான்கு வருடமாக சோஷியல் ஒர்க்கராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதைக் குடும்பத்துக்குப் புரியும்படி திரும்பச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. அதில் நான் அதிகம் தோற்றுப்போவது இந்த ஒரு சொல்லிடம்தான்.

சரி, ரெமிஷன் என்றால் என்ன? குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வருவது ஏ.எல்.எல். என்ற வகை. அதைக் கண்டுபிடிக்கிற அன்று குழந்தையின் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கலாம். முதல் ஒரு மாத சிகிச்சை முடிந்ததும் எலும்பு மஜ்ஜையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நூறு அணுக்களில் அந்தக் கெட்ட அணு ஐந்துக்கும் குறைவாக இருந்து, ரத்த எண்ணிக்கையும் தேறியிருந்தால் ரெமிஷன் என்று எழுதுகிறார்கள். அவ்வளவுதான் அதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கணத்திலும் உடம்பில் ஆயிரம் கோடி அணுக்கள் வரை மிச்சம் இருக்கலாம். ஆயிரம் கோடி! பதினாயிரத்தில் ஓர் அணு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் எம்.ஆர்.டி. என்ற பரிசோதனை இப்போது இருக்கிறது. அதில் சுத்தம் என்று வந்த குழந்தைக்கும் முழு சிகிச்சை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வயல்காட்டுக்காரர்களிடம் நான் கோரையை வைத்துத்தான் சொல்வேன். கோரையைப் பிடுங்கிப் போட்ட அன்று வயல் சுத்தமாகத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு தடவை பிடுங்கியதோடு நிறுத்த மாட்டீர்கள். பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள்?

இது இன்று நேற்றுக் கண்ட பாடமும் இல்லை. 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அமினோப்டெரின் என்ற மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியது. அதுவரை யாரும் பார்க்காத அதிசயம் அது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஒரு மருந்தை ஒரு மாதம் கொடுத்தால் போதாது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட நாள் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள அப்புறம் பல வருடம் பிடித்தது. இன்றைய சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் வரை நீள்வது அதனால்தான். முதல் மாதம், பிறகு சில மாதங்கள் கடுமையான ஊசிகள், முதுகில் போடும் ஊசி, கடைசியாக வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் நீண்ட காலம். குழந்தை நன்றாக ஓடியாடும் அந்தக் கடைசிக் காலமும் சிகிச்சைதான். முடி முளைத்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறான், நேற்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான் என்பதெல்லாம் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மருந்தை நிறுத்தலாம் என்பதற்கு அடையாளம் இல்லை.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் சிகிச்சையை இடையில் விட்டுவிடுவதும் ஒன்று. 2030க்குள் உலகம் முழுவதும் நூற்றுக்கு அறுபது பேரையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்த அறுபதை எட்டுவதில் பெரிய பங்கு மருந்துக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸுக்கும் பங்கு இருக்கிறது.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் என்று அந்தப் பக்கத்து ஆச்சிகள் இன்றும் சொல்வார்கள். 1981இல் ரீஜனல் கேன்சர் சென்டர் வந்த பிறகு அந்தப் பழக்கம் இன்னும் உறுதியானது. புளியரை செக்போஸ்ட், ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் மலையும் காடும் வளைவுமாகப் போகிற ரோடு. ஊசி போட்ட மறுநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையில் நாலைந்து கேரி பேக் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அது வாந்தி எடுக்க எடுக்கப் பையை மாற்றிக்கொண்டு வருகிற அம்மாவை ஒரு நாள் பார்த்தால் போதும். “இவங்களுக்கு விழிப்புணர்வே இல்லை” என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

அப்பா கூட வந்தால் அன்றைய கூலி போச்சு. அம்மா இங்கே தங்கினால் வீட்டில் இருக்கும் அக்காவோ அண்ணனோ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சோறு பொங்கும். ஆடு விற்றாயிற்று, கம்மல் அடகில் இருக்கிறது. இப்படி இருக்கும்போது சிவப்பு மையில் ஒருவர் வட்டம் போட்டுக் கொடுத்தால், அது அவர்களுக்கு விடுதலைப் பத்திரம். அவர்கள் கோபத்தில் விடுவதில்லை. அலட்சியத்திலும் விடுவதில்லை. களைத்துப்போய் விடுகிறார்கள்.

எங்களைப் போன்ற அமைப்புகள் செய்யும் வேலை இந்தக் களைப்பைக் குறைப்பதுதான். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறை, கதவைச் சாத்திக்கொள்ள வசதி. அடுப்பு. அரிசி, பருப்பு, முட்டை. போக வர பஸ் காசு. ஊரில் இருக்கும் மூத்த பிள்ளையின் பள்ளிச் செலவு. இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் இப்போது சென்னை, வேலூரிலும் உண்டு. அங்கேயும் இலவசமாகத் தங்க இடம், குடும்பமே சமைத்துக்கொள்ள வசதி. நாங்கள் திங்கள்கிழமை தோறும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு போன் போடுவோம். தேதி தவறியவர்களுக்கு முதலில் போன், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன், அப்புறம் நேரில். இந்தப் பையன் வீட்டில் நம்பர் மாறியிருந்தது. நேரில் போகத் தேதி குறித்து, மழையில் ரோடு அடைத்ததால் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் போயிருக்க வேண்டும்.

உதவி செய்ய வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்குக் கிரீம் கேக்கும் பலூனுமாக வார்டுக்கு வந்து, மொட்டைத் தலைக் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கேக்கும் கூட்டமும் ஆபத்து. அந்தப் போட்டோ ஊரில் யார் கையில் போய்ச் சேரும் என்று அதன் அம்மா பயப்படுகிறார். அதே பணத்துக்கு அடுப்புக்கு ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கித் தாருங்கள். ரத்தம் கொடுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை எடுத்து வைத்தால் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, அதனால் போன மாதம் முகாம் நடத்தியது இந்த வாரத்துக்கு உதவாது.

அட்டை விஷயம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரளத்தில் எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிக் கிளம்பி வராதீர்கள். எந்தத் திட்டம் எங்கே பொருந்தும் என்று கிளம்பும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருகிற ஒருவருக்கு முக்கால் பங்கு. கேட்டு வாங்க வேண்டியது இது, யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

மொழி இன்னொரு சிக்கல். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்து அம்மாவுக்குத் தெரியாது. “பனி உண்டோ?” என்று போனில் கேட்ட சிஸ்டரிடம் ஓர் அம்மா, இல்லை, இங்கே நல்ல வெயில் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு அப்போது 102 டிகிரி. அன்றிலிருந்து ஊருக்குப் போகிற ஒவ்வொருவர் ஃபைலின் முதல் பக்கத்திலும் ‘பனி = காய்ச்சல்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுகிறேன்.

ஏனென்றால் காய்ச்சல்தான் இந்தக் குழந்தைகளைச் சீக்கிரம் கொண்டுபோவது. 100.4 காட்டினால் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணி ஆனாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்காதீர்கள். தெரிந்த கம்பவுண்டரிடம் இடுப்பில் ஊசி போடாதீர்கள், பிளேட்லெட் குறைந்த குழந்தைக்கு அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். வேப்பிலை கட்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ‘அம்மை போட்டா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்பது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது, உண்மை. அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் அளவு ஏது? விஷம் அது.

அப்புறம் மாத்திரை. ஒன்று தினமும் சாப்பிடுவது, இன்னொன்று வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். வாரத்து மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. களியக்காவிளைப் பக்கத்து அம்மா ஒருவர் தினசரி காலண்டரை எடுத்து, வருடம் முழுதும் வெள்ளிக்கிழமைத் தாள்களில் மட்டும் குங்குமத்தால் பொட்டு வைத்திருந்தார். பொட்டு இருக்கிற தாளைக் கிழிக்கிற அன்று மட்டும் மஞ்சள் மாத்திரை. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. அவர் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு.

சொந்தக்காரர்களுக்கும், ஊரில் லேப் வைத்திருக்கும் தம்பிகளுக்கும், மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருக்கும் காலத்தில் இந்தக் குழந்தைகள் ரத்தம் கொடுக்க உங்களிடம்தான் வருவார்கள். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அதற்கு அர்த்தம் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

அந்தக் கொழுந்தன் வியாழக்கிழமை வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அண்ணன் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போக முடியாமல் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். சிகிச்சையை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள், இந்தத் தடவை மருந்து இன்னும் கடுமையானது என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிளட் பேங்க்குக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருந்து பிளேட்லெட் கொடுத்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், “மறுபடி எப்பக்கா குடுக்கலாம்?” என்று கேட்டார்.

நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகட்டும் என்றேன்.